கம்புத் தடம் விழுந்த காயில் பெட்டிகள்

சென்ற மாதம் குளுவாங்கில் நான் கடைசியாக வேலை பார்த்த பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே எனக்குக் கொடுத்திருந்த கருவிப் பெட்டியின் சாவி என்னிடமே தங்கிவிட்டது. அதைக் கொடுக்கத்தான் போனேன். புதிதாக வந்த ஒரு காரில், எஞ்சின் பிளக்கில் பொறி விழவைக்கும் காயிலை இருவர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போதைய காருக்கு ஒரே காயில்தான். பால் டின்னைப் போல ஓர் உருளை, அதில் மெல்லிய வயர் இரண்டு, தடித்த வயர் ஒன்று, பிடித்து நிறுத்த ஒரு பட்டை, அவ்வளவே. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாட்டரி வயரக் கழட்டுனா பத்து நிமிஷ வேலண்ணே. ஒங்க காலத்துல இதுக்கு அரை நாள் ஆகுமாமே? கஞ்சி ஆக்கிக் குடிச்சிட்டுச் செய்வீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சொல் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன். அரை நாள் ஆனது உண்மை. ஆனால் ஒருமுறை அந்த அரை நாள் காயிலைக் கழற்றியதால் ஆனதில்லை. வேறு காரணம்.

என் பெயர் வேலாயுதம். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பதினெட்டு வயதில் கப்பலேறி ஜோகூருக்கு வந்து, லாபிஸுக்கும் சிகாமட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் அறைக்கு எண்ணெய் போடுகிறவனாகச் சேர்ந்தேன். ஏழு வருஷத்தில் தோட்டத்து மோட்டார் வேலை முழுவதும் என் கைக்கு வந்தது. வலது காது மந்தமாகிவிட்டதால் ஐம்பத்தொரு வயதில் வேலையை விட்டேன். எஞ்சினைக் காதால் கேட்க முடியாதவன் பட்டறையில் நிற்பது நியாயம் இல்லை. என்னைப் பற்றி இது போதும்.

அந்தக் காலத்தில் தோட்டத் துரைமார்கள் வைத்திருந்த அமெரிக்கக் காருக்கு நான்கு சிலிண்டர், நான்கு காயில். ஒவ்வொரு காயிலும் தனித்தனி மரப் பெட்டி. ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்த அளவு இருக்கும். உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றி, கீல் என்கிற தாரை ஊற்றி அடைத்திருப்பார்கள். தலையில் ஒரு சின்ன எஃகுத் தகடு. மின்சாரம் வந்ததும் அது அதிர்ந்து வண்டு போல இரையும். இந்த நான்கு பெட்டிகளும் ஓட்டுநரின் முழங்காலுக்கு எதிரே, மூடி போட்ட ஒரு பெரிய பெட்டிக்குள் வரிசையாக நிற்கும். சாவியைப் பாட்டரிப் பக்கம் திருப்பி, காரின் முன்னால் போய் எஞ்சின் கைப்பிடியை மெல்லச் சுற்றினால், ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று என்று முறை வைத்து இரையும். எது இரையவில்லையோ அங்கே நோய் என்று வைத்துக்கொள்ளலாம்.

கழற்றக் கருவி வேண்டாம். சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தவனுக்குத் தோள்பட்டை வரை ஓர் அடி விழும். பிறகு மறக்க மாட்டான். மூடியைத் திறந்து, காயிலை இரண்டு விரலால் நேராக மேலே இழுக்க வேண்டும். ஆட்டக் கூடாது. ஆட்டினால் பெரிய பெட்டியின் அடியிலும் முதுகிலும் இருக்கும் பித்தளை நாக்குகள் வளைந்துபோகும். பிறகு காயில் உட்காரும், ஆனால் ஒட்டாது. திரும்ப வைக்கும்போது பித்தளைக் குமிழ்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, நேராக அழுத்த வேண்டும். நாக்கு தொடுவது விரலுக்குத் தெரியும். அதிரும் தகட்டை அழுத்திப் பிடித்தால் மேலே நகத்தின் கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எஞ்சின் இருமும்.

எது கெட்டது என்று தெரியாவிட்டால் நோயாளியை இடம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மூன்றாவதை எடுத்து இரண்டாவது இடத்தில் வை. கோளாறும் கூடவே இரண்டுக்கு வந்தால் குற்றம் காயிலுடையது. மூன்றிலேயே நின்றால் காயில் குற்றமற்றது; பிளக்கையோ வயரையோ பார். இது எனக்கு மிகவும் பிடித்த முறை. யாரையும் கேள்வி கேட்காமல், யாரோடும் வாதாடாமல் உண்மை தெரிந்துவிடும்.

எங்கள் எஞ்சின் அறைக்குப் பொறுப்பாளர் செல்லையா, யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர். மழையோ வெயிலோ, குடையைச் சட்டைக் காலரின் பின்புறம் கொக்கி போட்டு முதுகில் தொங்கவிட்டிருப்பார். காயிலைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். "வியர்வை உப்பு, காணும். உப்பு மின்சாரத்துக்கு ரோட்டு" என்பார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது போய், "ஐயா, வண்டி சரியாயிடுச்சு" என்றால் என்ன கோளாறு என்றோ எப்படிச் சரி செய்தாய் என்றோ கேட்கமாட்டார். ஒரே கேள்விதான்.

"முதல் எதைத் தொட்டனீர்?"

எனக்கு முதலில் இது புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு வண்டியில் இரண்டாவதாக வருகிற கோளாறு பெரும்பாலும் முதல் கோளாறைப் பார்க்கப் போனவனின் கையால் வருவது. முதலில் எதைத் தொட்டான் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும். பதில் சொல்லி முடிக்கும் வரை அவர் தலையாட்டவும் மாட்டார், கண்ணை எடுக்கவும் மாட்டார். பேசக் கூசுகிற என்னைப் போன்றவனுக்கு அது பெரிய சோதனை. மூடியைத் தொட்டேன், பிளக்கைத் தொட்டேன் என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு நிற்பேன்.

பெரிய துரையின் கார் ஓட்டுநர் அந்தோணி. என்னை விட இரண்டு வயது இளையவன், என்னை அண்ணே என்பான். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவனே பேசுவான். அந்த வருஷம் மழைக்காலம் கடுமையாக இருந்தது. சிகாமட் ஆறு கரை மீறிச் சாலையில் ஏறி நின்றது. அந்தோணி தண்ணீரில் காரை விட்டான். நடுவில் அலை அடித்துக் காயில் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்து எஞ்சின் அறை வாசலில் நிறுத்தினான்.

"அய்யோ அலமாக், தண்ணி இவ்வளவுனு நெனைக்கலண்ணே! மாடு என்னயத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு, இவனுக்கு எதுக்குடா லைசென்ஸுன்னு."

நான்கு காயிலையும் எடுத்துப் பார்த்தேன். மரம் நீர் குடித்து உப்பியிருந்தது. போன வருஷம்தான் துரை சிங்கப்பூரிலிருந்து புதிதாக வாங்கிப் போட்ட பெட்டிகள். வாழைப்பழத் தோல் போல மஞ்சள் நிறம். நனைந்த காயிலை நிழலில், காற்றில், நான்கைந்து நாள் வைத்து ஆற்ற வேண்டும். நெருப்பில் காட்டக் கூடாது, உள்ளே கீல் உருகிவிடும். இது எனக்குத் தெரியும். ஆனால் காற்றே ஈரமாக இருந்தது. துவைத்த வேட்டி மூன்று நாளாகக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. செல்லையா புது இயந்திரம் ஒன்றை இறக்க ஜோகூர் பாருவுக்குப் போயிருந்தார், திரும்பப் பத்து நாள் ஆகும். துரைக்கு மூன்றாம் நாள் கார் வேண்டும்.

அப்போதுதான் புகைவீடு ஞாபகம் வந்தது. ரப்பர் தாள்களைக் கம்புகளில் போட்டு, கீழே விறகு மூட்டி, புகையிலும் மெல்லிய சூட்டிலும் உலர்த்தும் கட்டடம். அங்கே நெருப்பு நேராகப் படாது. தொட்டால் இதமான சூடுதான். எந்த மழையிலும் தாள் காய்கிறது, காயில் காயாதா என்று நினைத்தேன். தோட்டத்தில் வளர்ந்தவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பான். பட்டணத்து மெக்கானிக்குக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

அங்கே தாள் போடுகிற அம்மாக்கண்ணு அக்கா என் கையிலிருந்த நான்கு பெட்டிகளையும் பார்த்தார்.

"என்னா தம்பி இது? மோட்டார் கருவாடா?"

"காய வைக்கணும்க்கா. ரெண்டு நாள்."

"வை, வை. காஞ்சப்புறம் எனக்கும் ரெண்டு துண்டு குடு, கத்திரிக்காயில போட்டு ஆக்கிப் பாக்குறேன்."

மேல் வரிசையில் இரண்டு கம்புகளைப் பக்கம்பக்கமாக நகர்த்தி, அவற்றின் மேல் பெட்டிகளை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது எலும்பு போலக் காய்ந்திருந்தன. நிறம் மட்டும் மாறியிருந்தது, மஞ்சள் போய் வெல்லக் கருப்பு. துடைத்தேன், போகவில்லை. மாட்டிச் சுற்றினேன். ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று. நான்கும் வண்டு போல இரைந்தன. எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

செல்லையா திரும்பி வந்ததும் காரைப் பற்றிக் கேட்டார்.

"முதல் எதைத் தொட்டனீர்?"

"மூடிய, ஐயா."

"பிறகு?"

"காயில எடுத்தேன். தொடச்சுக் காய வச்சேன்."

"எங்க?"

அதே நேரம் ஆபீஸிலிருந்து கணக்கெழுதும் கிராணி அவரைக் கூப்பிட்டார். அவர் குடையோடு போய்விட்டார். கேள்வி அப்படியே நின்றது. மறுநாள் நானாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். வண்டிதான் ஓடுகிறதே, எதற்கு என்று விட்டுவிட்டேன். உண்மையான காரணம், புகைவீடு என்றால் அவர் கண்ணை எடுக்காமல் பார்ப்பாரே என்கிற கூச்சம்.

பிறகு மழை நாள்களில், காலை நேரத்தில் மட்டும் கார் இருமத் தொடங்கியது. பதினோரு மணிக்கு வெயில் வந்தால் சரியாகிவிடும். அந்தோணி இரண்டு முறை வந்து சொன்னான். நான் பிளக்கை மாற்றினேன், வயரைப் பார்த்தேன். காயில்களை இடம் மாற்றிக்கூடப் பார்த்தேன். கோளாறு எந்த இடத்திலும் நிற்கவில்லை, எதோடும் நகரவில்லை. நான்குமே ஒன்றுபோலக் கெட்டிருந்தால் இடம் மாற்றும் முறை உதவாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் அதிகாலை மழையில், தோட்டத்தைப் பார்வையிட வந்திருந்த மேலதிகாரியை லாபிஸ் ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போகும்போது கார் செம்மண் மேட்டில் நின்றுவிட்டது. பெரிய துரையும் கூட இருந்தார். வெள்ளைக் கால்சட்டையோடு இருவரும் இறங்கித் தள்ளினார்கள். ரயில் போய்விட்டது. துரை கோபத்தில் தானே மூடியைத் திறந்து ஒரு காயிலை இழுத்துப் பார்த்திருக்கிறார். மஞ்சள் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கருத்த பெட்டி.

அக்காலத்தில் சிகாமட்டில் வாடகைக்கு ஓடிய கார்கள் பலவும் அதே ரகம். காயில் கையால் இழுத்தால் வந்துவிடும், எந்தக் காரிலும் உட்காரும். தோட்டத்துப் புதுக் காயிலை விற்றுவிட்டு வாடகைக் காரின் பழையதைப் போட்டு வைக்கும் ஓட்டுநர்கள் உண்டு என்று ஒரு பேச்சு எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. துரைக்கும் அது தெரியும். அவர் கணக்குப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் வராந்தாவில் அந்தோணியை நிறுத்தினார்கள். நானும் செல்லையாவும் எஞ்சின் அறை ஆட்களும் ஓரமாக நின்றோம். காயில் மேசை மேல் நின்றது. துரைக்கு எங்கள் தமிழ் நன்றாக வரும், ஆனால் அதட்டும் தமிழ் மட்டும்தான்.

"இது பழைய சாமான். என் சாமான் எங்கே?"

"தொர, மாதா சத்தியமா நான் எடுக்கலங்க. இதுதாங்க வண்டில இருந்துச்சு."

"பொய் பேசாதே. நான் வாங்கினது மஞ்சள். இது என்ன?"

அந்தோணி காயிலைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. உப்பிய காயில்களை என்னிடம் விட்டுப் போனவன், மூடி போட்ட பிறகு வந்து வண்டியை எடுத்துப் போனவன். ஓட்டுநர்கள் மூடியைத் திறக்கக் கூடாது என்பது செல்லையாவின் சட்டம், அவன் அதை மீறியதில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

"ரெண்டு மணி வரைக்கும் டைம். என் நாலு பெட்டி வரணும். இல்லை என்றால் போலீஸ். வீட்டைக் காலி பண்ணு. சர்டிபிகேட்டில் கள்ளன் என்று எழுதுவேன்."

ஓட்டுநருக்குச் சர்டிபிகேட்தான் உயிர். அதில் அந்த ஒரு சொல் விழுந்தால் ஜோகூர் முழுவதிலும் யாரும் சாவியைக் கையில் கொடுக்கமாட்டார்கள். அவன் மனைவி லூர்துமேரிக்கு அப்போது எட்டாம் மாதம்.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "தொர" என்று ஆரம்பிக்க வேண்டும், அதற்குப் பிறகு எல்லோரும் திரும்புவார்கள், அதற்குப் பிறகு ஒரு நீண்ட வாக்கியம் தேவை. நான் அந்த வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே துரை எழுந்து உள்ளே போய்விட்டார்.

எஞ்சின் அறைக்குப் போய் ஓர் அரத்தை எடுத்து, ராவ வேண்டாத ஓர் இரும்பை ராவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்தோணியின் வீடு தெரியும். காயிலை ஒளித்து வைத்திருக்கிறானா என்று தேடக் கிராணியும் இரண்டு காவல்காரர்களும் உள்ளே போனார்கள். பானை, அரிசி டின், பாய், மாதா படம் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. லூர்துமேரி படத்தை மட்டும் எடுத்துத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டு மணிக்கு அம்மாக்கண்ணு அக்கா எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றார். அன்று அவர் முகத்தில் கேலி இல்லை.

"ஒன் கருவாட்டுக்காக அந்தப் புள்ளத்தாச்சி வீட்ட உருட்டுறாங்க."

அரத்தைக் கீழே வைத்தேன்.

"நான் போயிச் சொன்னா கோள் சொன்னதா ஆவும். நீ சொன்னா நாயம். ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கோளா இருந்தாலும் சொல்லிருவேன்."

அவர் போய்விட்டார். போகலாம் என்று இரண்டு முறை ஆபீஸ் படி வரை நடந்தேன். முதல் முறை உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை யாரும் இல்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. திரும்பிவிட்டேன். எட்டரையிலிருந்து இரண்டு வரை. அந்த அரை நாளைத்தான் சொல்கிறேன்.

இரண்டு மணிக்குத் துரை எஞ்சின் அறைக்கே வந்தார். செல்லையாதான் அப்படிக் கேட்டிருந்தார். போலீஸுக்கு ஆள் அனுப்புமுன் காயில் உண்மையில் பழையதா என்று சோதித்துச் சொல்கிறேன் என்றாராம். கிராணி வந்தார். அந்தோணி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றான். வாசலில் தாள் போடுகிற பெண்கள் கூடிவிட்டார்கள்.

"வேலாயுதம், கழற்றும்" என்றார் செல்லையா.

உள்ளே தள்ளி நிறுத்தியிருந்த காரின் சாவியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். மூன்று காயில்களை நேராக மேலே இழுத்து மேசையில் நிறுத்தினேன். நான்காவதைத் துரையே கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார். கை மட்டும் எப்போதும்போல வேலை செய்தது.

செல்லையா கை கழுவி, ஒரு காயிலுக்குப் பாட்டரி வயரைக் கொடுத்தார். தகடு இரைந்தது. நன்றாகவே இரைந்தது. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். குனிந்து, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவது போல, பெட்டியின் கருத்த பக்கத்தில் ஒரு மூச்சு விட்டார். உடனே இரைச்சல் தேய்ந்தது. அரை இருட்டில் ஒரு நீலப் பொறி, பூரான் ஊர்வது போல, மரத்தின் மேலேயே ஒரு குமிழிலிருந்து இன்னொரு குமிழுக்கு ஊர்ந்து போனது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் பெட்டியின் தோலிலேயே வழிந்து போய்க்கொண்டிருந்தது. ஈரக் காலையில் இருமல், வெயில் வந்தால் சுகம். எல்லாம் எனக்கு அந்த நொடியில் விளங்கியது.

"பழசெண்டால் உள்ளால கெட்டிருக்கும்" என்றார் செல்லையா. "இது வெளியால கெட்டிருக்கு. ஏதோ படிஞ்சிருக்கு."

அவர் நிமிர்ந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"வேலாயுதம், முதல் எதைத் தொட்டனீர்?"

நான் அடுக்கி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் நினைவில் இல்லை. எதிரே இருந்த காயிலை எடுத்தேன். தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தேன். அடுத்ததையும் திருப்பினேன். நான்கையும் திருப்பினேன்.

ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு பட்டைகள். விரல் அகலம். பட்டை இருந்த இடத்தில் மட்டும் புகை ஏறாமல் மரம் வாழைப்பழத் தோல் நிறத்தில் அப்படியே இருந்தது.

தோட்டத்தில் அந்தப் பட்டையைத் தெரியாதவர் கிடையாது. ரப்பர் தாள் கம்பின் மேல் நகராமல் கிடந்தால், கம்பு பட்ட இடத்தில் இப்படித்தான் வெளிறிய தடம் விழும். கம்புத் தடம் விழுந்த தாளை இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதற்காகத் துரை தினமும் காலையில் புகைவீட்டில் கத்துவார். வாசலில் நின்ற பெண்களில் யாரோ "அய்யோ, நம்ம கம்பு" என்றது கேட்டது. துரை குனிந்தார். ஒரு விரலைப் பட்டையின் மேல் வைத்தார். பிறகு பெட்டியை மூக்கருகே கொண்டு போனார்.

"ஸ்மோக் ஹவுஸ்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

அதோடு முடிந்திருக்கலாம். தடமே எல்லாம் சொல்லிவிட்டது. ஆனால் யார் வைத்தது என்று அது சொல்லாது. துரையின் பார்வை மறுபடி அந்தோணி பக்கம் போவதைப் பார்த்தேன்.

"நாந்தாங்க" என்றேன். "அந்தோணிக்குத் தெரியாதுங்க. நனஞ்ச காயில நாந்தான் பொகவீட்ல வச்சேன். இது தொர வாங்குன அதே பெட்டி. காலைலயே தெரியும். சொல்லலிங்க."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

துரை என்னை ஏசினார். அதை எழுத வேண்டியதில்லை. ஏச்சு முடிந்ததும் கிராணியிடம் அந்தோணியின் சாமான்களை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்தோணியிடம் ஒரு சொல் சொல்லவில்லை. செல்லையா மண்ணெண்ணெய்த் துணியை என்னிடம் கொடுத்தார். "துடையும். சுரண்டும். இதுதான் நீர் தொடுற கடைசிக் காயில். ஒரு வருஷத்துக்கு வேற இல்லை" என்றார். அப்படியே என்னை ரப்பர் பால் உறையும் தொட்டிக்கும் தாள் அழுத்தும் உருளைக்கும் மாற்றினார். ஒரு வருஷமும் நான்கு நாளும் அங்கே இருந்தேன். அந்தத் தண்டனை பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்று மாலை அந்தோணி வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு மூடனாக இருந்தேன். தொப்பியைத் தலையில் வைத்திருந்தான்.

"பெட்டிய எட்டரைக்கே திருப்பியிருக்கலாமேண்ணே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் வீட்டுப் பக்கம் பிறகு வரவில்லை. மூன்று மாதத்தில், பெண் குழந்தை பிறந்து முப்பது நாள் கழிந்ததும், தானாக விலகிக் குளுவாங்குக்குப் போய் வாடகைக் கார் ஓட்டினான். சர்டிபிகேட் நல்லதாகவே கொடுத்தார்கள் என்று செல்லையா சொன்னார். ஆனால் தூறலில் நனைந்த பானையும் பாயும் எந்தச் சர்டிபிகேட்டிலும் காய்வதில்லை.

நானும் சில வருஷம் கழித்துக் குளுவாங் பட்டறைக்கு வந்தேன். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பாதிப் பேரை நிறுத்திய நேரம். அதற்குள் அந்தோணி வேறு ஊருக்குப் போயிருந்தான். பட்டறையில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓட்டுநரை நிறுத்தி, முதலில் எதைத் தொட்டேன், பிறகு எதைத் தொட்டேன், கழற்றியதை எங்கே வைத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். சரியாகச் செய்ததையும் சொல்வேன், தவறிச் செய்ததையும் சொல்வேன். சொல்லும்போது காது மடல் சூடாகும். ஓட்டுநர்கள் சலித்துக்கொள்வார்கள். தவுக்கே, எங்கள் சீன முதலாளி, "இவன் வாய் பேசாதுன்னு சொன்னாங்களே, அது யாரு?" என்று கேலி செய்வார். அரை நாள் ஆகும் என்று இப்போதுள்ளவர்கள் கேள்விப்பட்டது அதனால்தான் இருக்கும்.

நான் வேலையை விட்ட வருஷத்தில், ஒரு நாள் மதியம், ஒற்றைக் காயில் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கினார். தலை நரைத்து, உடல் பருத்திருந்தார். குரல் கேட்டுத்தான் அந்தோணி என்று தெரிந்துகொண்டேன். அவருக்கும் என்னைத் தெரிந்தது.

"சூடானா நின்னு போவுது" என்றார்.

பார்த்தேன். காயில்தான். பாட்டரி வயரைக் கழற்றினேன். மூன்று வயரையும் எது எங்கே என்று நூல் கட்டி எடுத்தேன். பட்டையைத் தளர்த்திப் பழைய காயிலை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். புதியதை நிறுத்தி, வயர்களை அதே இடத்தில் பூட்டி, கடைசியாகப் பாட்டரி. எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. கால் மணி நேரம் ஓடவிட்டோம். நிற்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டுநர்கள் எல்லோரிடமும் சொல்லி வந்ததை, சொல்ல வேண்டிய ஆளிடம் அன்றுதான் முதல் தடவை சொன்னேன்.

"மொதல்ல பாட்டரி வயரக் கழட்டுனேன். அப்புறம் காயில் வயர் மூணு. காயில எடுத்து மேசைல வச்சேன். வேற எங்கயும் வைக்கல."

அந்தோணி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் எழுந்து மேசைக்குப் போனார். பழைய காயிலைக் கையில் எடுத்தார். தலைகீழாகத் திருப்பி, அடியை வெளிச்சத்தில் காட்டி, நிதானமாகப் பார்த்தார்.

"கீழ ஒண்ணும் இல்லண்ணே" என்றார்.

பிறகு சிரித்தார். காயிலைத் திருப்பி நேராக நிறுத்திவிட்டு, தன் பெண்ணுக்குக் குளுவாங்கிலேயே கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி, காரில் ஏறிப் போனார்.